கஞ்சித் தொட்டி வைத்த முன்சீப்

பேத்தமங்களா, ஏப். 12:

பேத்தமங்களா ஏரித் தண்ணீர் தங்கவயலுக்குக் குழாய் வழியே போவதற்கு முன்பு, ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைப்பதற்கும் முன்பு, இந்தக் கோலார்ச் சீமை ஒரு பெரும் பஞ்சத்தைப் பார்த்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் அது. மைசூர் ராஜ்யத்தில் மட்டும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். ஐந்து பேரில் ஒருவர்! சென்னை மாகாணத்திலும் கிட்டத்தட்ட அதே கதி. ஜனங்கள் ஊரைக் காலி செய்துவிட்டு, கஞ்சி கிடைக்கும் திசையை விசாரித்து நடந்தார்கள்.

மாயூரத்தில் பசியோடு வந்தவர்களுக்குத் தம் சொந்தக் காசில் கஞ்சி ஊற்றியவர் ஒரு கிறிஸ்தவர். பெயர் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். கஞ்சித் தொட்டியைப் பற்றிப் பாடப் புத்தகம் அவ்வளவாகச் சொல்வதில்லை.

குமாஸ்தாவாகத் தொடங்கியவர்

1826-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி திருச்சி அருகே குளத்தூரில் பிறந்தார். தந்தை சவரிமுத்துப் பிள்ளை. கத்தோலிக்கக் குடும்பம். திருச்சி கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராய பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார்.

அதே கோர்ட்டில் ரிக்கார்டு கீப்பர் வேலை கிடைத்தது. கட்டுக் கட்டாகக் காகிதங்களைக் காக்கும் உத்தியோகம்தான். பிறகு மொழிபெயர்ப்பாளர் ஆனார். அதன்பின் முன்சீப் பதவி. தரங்கம்பாடி, சீர்காழி என்று மாறி, கடைசியில் மாயூரத்தில் 13 ஆண்டுகள் இருந்தார். லஞ்சத்தை வெறுத்தவர். அவருடைய நீதிநூலில் கைக்கூலியைச் சாடுவதற்கென்றே ஒரு பகுதி உண்டு. ஆங்கிலத்தில் கிடந்த கோர்ட் தீர்ப்புகளைத் தமிழாக்கி வெளியிட்டதும் அவரே. பாமரனுக்குத் தன் வழக்கு தன் மொழியில் புரியவேண்டும் என்பது அவர் எண்ணம்.

1872-ல் உத்தியோகத்தை விட்டார். நான்கு ஆண்டுகளில் பஞ்சம் வந்தது.

ஒரு ராத்தல் தானியம்

சர்க்கார் என்ன செய்தது? ரோடு, கால்வாய், ரயில் பாதை என்று வேலை கொடுத்துக் கூலி தந்தது. (பெங்களூர் - மைசூர் ரயில் பாதை வேலையும் அந்தப் பஞ்ச நாளில் நடந்ததுதான்.) ஆனால் 1877-ல் சர் ரிச்சர்டு டெம்பிள் வந்து கூலியைக் குறைத்தார். ஆண் ஒருவனுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். நாள் முழுக்க மண் சுமந்தவனுக்கு அதுதான்! சுமக்கத் தெம்பில்லாதவர்கள் பாடு அதைவிட மோசம்.

இந்த நேரத்தில்தான் வேதநாயகர் கைப்பொருளை எடுத்துக் கஞ்சித் தொட்டி திறந்தார். சம்பளம் நின்றுபோன மனிதர் அவர். அந்நியனை ஏற்றுக்கொண்டவன் தம்மையே ஏற்றுக்கொண்டான் என்பது இயேசுநாதர் போதித்த கணக்கு. அதைக் கோயிலில் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறவர்கள் பலர். இவர் அண்டாவை அடுப்பில் ஏற்றினார்.

மதம் அவருக்குத் தடையாக இருக்கவில்லை. வடலூரில் 1867-ல் தரும சாலை திறந்த வள்ளலார் அவருக்கு நண்பர். திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகரும் நண்பர். அவர் பாடிய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை எந்த மதத்தாரும் பாடலாம். பஞ்சம் தீர இறைவனிடம் முறையிடும் பாட்டும் அதில் இருக்கிறது.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாருக்கும் வேதநாயகர் நண்பரே. பாரதியார் பழுத்த சிவபக்தர். மனிதரைப் பாடிப் பிழைக்கிறவர் அல்ல. அப்படிப்பட்டவர், பசித்தவர்களுக்கு வேதநாயகர் செய்ததைக் கண்டு நெகிழ்ந்து, அந்தக் கிறிஸ்தவர் மீதே ஒரு கீர்த்தனை பாடினார்.

பிரதாப முதலியார் சரித்திரம் அச்சில் வந்தது பஞ்சம் ஓய்ந்த மறு ஆண்டு, 1879-ல். வேதநாயகர் 1889 ஜூலை 21-ந் தேதி மாயூரத்தில் காலமானார்.