சலவைக்கல் சொன்ன பொய்

வாளால் வென்றவர் பலர். உளியை ஏவி வென்றவன் ரோம் நகரின் அகஸ்டஸ்!

கி.மு. 63-ல் பிறந்தான். சீசர் குத்துண்டு வீழ்ந்த கி.மு. 44-ல் அவனுக்கு வயது 18. நோஞ்சான் உடம்பு. பிலிப்பி களத்திலே அவன் பாசறையே பகைவர் கையில் சிக்கியது. வெற்றி தேடித் தந்தவன் ஆண்டனி. பிறகு அதே ஆண்டனியை, கி.மு. 31-ல், ஆக்டியம் கடற்போரில் முறியடித்துக் கொடுத்தவன் தளபதி அக்ரிப்பா. அகஸ்டஸ் என்ற பட்டமோ, கி.மு. 27-ல், இவனுக்கு!

சிலையைப் பாருங்கள், தோழர்களே! ரோமுக்கு அருகே பிரிமா போர்ட்டாவில், அவன் மனைவி லிவியாவின் மாளிகை இருந்த இடத்தில், 1863-ல் தோண்டியெடுத்தது. ஆறடிக்கு மேல் உயரம், அகன்ற மார்பு, ஆணையிடும் கரம். குள்ளம் தெரியாதிருக்க அடி தடித்த செருப்பணிந்தான் என்று சூட்டோனியஸ் எழுதிவைத்தாரே, அந்த ஆசாமி இங்கே வெறுங்காலோடு நிற்கிறான், கடவுளைப் போல! காலருகே க்யூபிட் குழந்தை. வீனஸ் தேவியின் குலமாம் இவன் குலம்! கவசத்திலே பார்த்தியன் ஒருவன் ரோமின் படைச்சின்னத்தைத் திருப்பித் தருகிறான். கி.மு. 20-ல் பேசிப் பெற்றது அது, போரிட்டுப் பெற்றதல்ல. இத்தனையும் செதுக்கிய தொழிலாளியின் பெயர் மட்டும் அந்தக் கல்லில் இல்லை.

கி.பி. 14-ல், 75 வயதுக் கிழவனாக, நோலாவில் மாண்டான். சிலைகளிலோ கடைசிவரை வாலிபன். எகிப்திலும் ஸ்பெயினிலும் வரி கட்டிய உழவன் கண்டது அந்த வாலிபனைத்தான்.