தூரம் கணித்த பேரறிஞர் அல்பீரூனி

சென்னையிலிருந்து ஜித்தா செல்லும் விமானம் நேர்வழியில் ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர் பறக்க வேண்டும். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகமாயின் ஐந்தேகால் மணி நேரம்; ஏறவும் இறங்கவும் அரை மணி கூட்டிக்கொள்ளலாம். இத்தூரத்தை எவரும் கயிறு பிடித்து அளந்ததில்லை. இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை, பூமியின் ஆரம் ஆகியவற்றைக் கொண்டு கணிதத்தால் பெறுவது அது. இத்தகைய கணக்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே திறம்படக் கையாண்டவர் அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பீரூனி.

ஹிஜ்ரி 362இல் (கி.பி. 973) குவாரிஸ்ம் நாட்டுக் காத் நகரையடுத்து அவர் பிறந்தார். இன்று உஸ்பெகிஸ்தானிலுள்ள அந்நகரம் அவர் பெயராலேயே வழங்குகிறது. பதினேழு வயதிலேயே சூரியனின் உச்சி உயரத்தைக் கண்டு காத் நகரின் அட்சரேகையைக் கணித்தார். தீர்க்கரேகை அத்துணை எளிதன்று. 997ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தை, முன்னரே பேசிவைத்துக்கொண்டு, இவர் காத்திலும் அபுல் வஃபா பக்தாதிலும் நோக்கினர். கிரகணம் எங்கும் ஒரே கணத்தில் நிகழ்வது. ஊர்களின் நேரமே வேறு. அவ்வேறுபாடு சுமார் ஒரு மணி. ஒரு மணிக்கு 15 பாகை என்பதால் தீர்க்கரேகை வேறுபாடு கிடைத்துவிட்டது. ஜித்தாவில் இறங்கும் நம்மவர் கடிகாரத்தை இரண்டரை மணி பின்னுக்கு வைப்பதற்கும் அடிப்படை இதுவே.

1017இல் சுல்தான் மஹ்மூது குவாரிஸ்மை வென்று, அறிஞரையும் கஜ்னிக்கு அழைத்துச் சென்றார். கொண்டு சென்றார் என்பதே பொருந்தும். மறு ஆண்டு காபூலையடுத்த சிற்றூர் ஒன்றில், கையில் ஒரு கருவியுமின்றி, பெருந்துயரில் இருந்தார். அந்நிலையிலும் கணக்கெழுதும் பலகையின் பின்புறத்தில் பாகை குறித்து வளைவு வரைந்து, அதனையே கருவியாக்கிச் சூரியனை அளந்தார். இவ்வரலாற்றில் நம் உள்ளத்தை மிகவும் கவர்வது இந்நிகழ்ச்சியே.

தாம் சிறைப்பட்டாற்போல் வாழ்ந்த கஜ்னியில் தொழுகைக்கு எத்திசை நோக்குவது என்பதைத் திட்டமாக அறியவே ஒரு பெருநூல் எழுதி, 1025இல் முடித்தார். பக்தாதுக்கும் கஜ்னிக்கும் இடையே வணிகக் கூட்டங்கள் நடந்த வழிகளின் தூரங்களைத் திரட்டினார். பாதையின் வளைவுகளுக்காக ஒரு பங்கு கழித்தார். இடைப்பட்ட நகரங்களின் அட்சரேகைகளோடு பொருத்தி, இரு ஊர்களின் தீர்க்கரேகை வேறுபாடு 24 பாகைக்குச் சற்று மேல் என முடிவு கண்டார். இன்றைய அளவும் ஏறக்குறைய அதுவே!

பூமியின் அளவையும் அவர் விட்டுவைக்கவில்லை. இன்று பாகிஸ்தானிலுள்ள நந்தனா கோட்டையருகே 652 முழ உயரமுள்ள மலை மீதேறி, அடிவானம் 34 கலை தாழ்ந்து தோன்றுவதைக் கண்டு, அதிலிருந்து பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். அக்கால முழம் இத்துணை நீளம் என உறுதியாகச் சொல்வதற்கில்லை. ஆதலால் கிலோமீட்டரில் அவர் எவ்வளவு நெருங்கினார் என வாதிடுவது வீண்.

சுல்தான் மஸ்வூதுக்குப் படைத்த வானநூலில் அறுநூறுக்கும் மேற்பட்ட ஊர்களின் ரேகைகளை வரிசைப்படுத்தினார். அவற்றுள் மிகப் பலவற்றை அவர் கண்ணாற் கண்டதில்லை. சுமார் ஹிஜ்ரி 440இல் (கி.பி. 1048) கஜ்னியிலேயே காலமானார்.