அடுப்பங்கரையில் ஓர் ஆய்வுக்கூடம்

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா சென்றபோது, கட்டுச்சோற்றைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளில் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக உருண்டதைக் கண்டு நாம் வியந்தோம். இத்தகைய நீர்ப்பரப்பின் இயல்பை ஆராய்ந்த ஓர் அம்மையாரின் வரலாற்றை இங்கே காண்போம்.

ஆக்னஸ் பொக்கெல்ஸ் 1862-இல் வெனிஸ் நகரில் பிறந்தார். தந்தை ஆஸ்திரியப் படை அதிகாரி. அவர் நோயுற்று ஓய்வு பெற்றபின் குடும்பம் ஜெர்மனியின் பிரன்சுவிக் நகரில் குடியேறியது. பள்ளியில் பயின்ற ஆக்னஸுக்கு இயற்பியலில் தணியாத ஆர்வம். ஆனால் அந்நாளில் அங்கே பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்க்கவில்லை. தம்பி பிரீட்ரிக் இயற்பியல் பயிலச் சென்றார். அவர் தந்துதவிய நூல்களைத் தமக்கை வீட்டிலிருந்தே கற்றார்.

பெற்றோருக்குப் பணிவிடையும் வீட்டுவேலையும் அவர்மேல் விழுந்தன. அதற்கிடையே, 70 செ.மீ. நீளமுள்ள தகரத் தொட்டியை விளிம்புவரை நீரால் நிரப்பி, குறுக்கே ஒரு தகரப்பட்டையை வைத்து நகர்த்தினார். நீரின்மேல் படிந்த எண்ணெய்ப்படலம் நெருக்கப்படும்போது பரப்பு இழுவிசை எவ்வாறு குறைகிறது என்பதைத் தராசில் தொங்கவிட்ட சிறு வட்டத்தட்டால் அளந்தார்.

பத்தாண்டு உழைப்பை வெளியிட வழியில்லை. 1891 ஜனவரியில் துணிந்து, இங்கிலாந்தின் ரேலி பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். தாமும் அதே துறையில் ஆராய்ந்துவந்த அப்பேரறிஞர், அதனை மொழிபெயர்க்கச் செய்து அவ்வாண்டு மார்ச்சில் 'நேச்சர்' இதழில் வெளிவரச் செய்தார். பின்னாளில் அமெரிக்கரான லாங்மியூர் அந்தத் தொட்டி முறையை மேம்படுத்தி ஆராய்ந்தார்; பரப்பு வேதியியலுக்காக 1932-இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில்தான், எழுபது வயதான ஆக்னஸுக்குப் பிரன்சுவிக் தொழில்நுட்பக் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. 1935-இல் அவர் மறைந்தார்.

அவர் அன்று அளந்த பரப்பு இழுவிசையை இன்றும் விஞ்ஞானிகள் கணக்கில் கொள்கின்றனர். வளையும் மின்திரைகளுக்கு, பாலியெஸ்டர் படலத்தின்மேல் மின்சாரம் கடத்தும், ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சு வேண்டும். நீரில் கரைத்த பூச்சு பிளாஸ்டிக்கில் நம் தண்ணீர்த்துளி போலவே திரண்டுகொள்ளும். ஆகவே முதலில் படலத்தின்மேல் மின்பொறி வீச்சைப் பாய்ச்சுகின்றனர். ஆக்சிஜன் அணுக்கள் பரப்பில் இணைகின்றன. பூச்சு சீராகப் பரவி ஒட்டிக்கொள்கிறது.

சமையலறையில் ஆராய்ந்தார் என்று ஆக்னஸைப் புகழ்கிறோம். ஆனால் அவருக்கு வேறு இடம் தரப்படவில்லை என்பதையும் மறத்தலாகாது. தோழியரே, நமக்கோ பள்ளியின் ஆய்வுக்கூடம் திறந்தே இருக்கிறது. அதில் ஆர்வத்தோடு நுழைவதே அவ்வம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி.