ஓட்டு இல்லாதவர்களுக்காக வாதாடிய கயஸ் கிராக்கஸ்

கி.மு. 122-ம் ஆண்டு. ரோமாபுரியில் ஒரு உத்தரவு அறிவிக்கப்பட்டது. ரோமக் குடியுரிமை இல்லாதவர்கள் யாரும் நகருக்குள் தங்கக்கூடாது. ஓட்டெடுப்பு முடியும்வரை சுமார் 7 கிலோ மீட்டர் தூரத்துக்குள் வரவும் கூடாது.

ஓட்டெடுப்பு எதைப் பற்றி? அந்த வெளியூர்க்காரர்களுக்குக் குடியுரிமை கொடுக்கலாமா என்பதைப் பற்றித்தான்!

மசோதாவைக் கொண்டு வந்தவர் கயஸ் கிராக்கஸ். அப்போது அவருக்கு வயது 32.

பெரிய இடத்துப் பிள்ளை

கயஸின் தந்தை இரண்டு முறை கான்சல் பதவி வகித்தவர். ஆண்டுக்கு இருவர் வீதம் தேர்ந்தெடுக்கப்படும் கான்சல்களே ரோமை ஆண்டார்கள். தாய் கார்னீலியா, ஹானிபாலைப் போரில் வென்ற சிப்பியோவின் மகள். 12 குழந்தைகளைப் பெற்றும் மூவரைத்தான் ஆளாக்கிப் பார்க்க அந்தத் தாய்க்குக் கொடுத்து வைத்தது. கணவர் இறந்த பிறகு எகிப்து மன்னர் மணம் பேசியும் மறுத்துவிட்டு, பிள்ளைகளின் படிப்பிலேயே கண்ணாக இருந்தார்.

அண்ணன் டைபீரியஸ், கயஸைவிட 9 வயது மூத்தவர். பணக்காரர்கள் வளைத்துப் போட்டிருந்த அரசாங்க நிலத்தை ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் செய்தார். அதற்குக் கிடைத்த பரிசு மரணம். கி.மு. 133-ல் செனட் சபைக்காரர்களும் அவர்களுடைய ஆட்களும் அவரை அடித்தே கொன்றார்கள். கூட இருந்த சுமார் 300 பேரும் மாண்டனர். உடல்கள் டைபர் ஆற்றில் வீசப்பட்டன.

இவ்வளவையும் பார்த்த பிறகும் கயஸ் அரசியலுக்கு வந்தார்.

பிரஜை என்றால் என்ன?

ரோமப் பிரஜைக்கு ஓட்டு உண்டு. பதவிக்குப் போட்டியிடலாம். அதிகாரி தண்டிக்க வந்தால் மக்களிடம் முறையிடும் உரிமை உண்டு. கி.மு. 167 முதல் சொத்து வரியும் கிடையாது. பெண்கள் பிரஜைகள்தான், ஆனால் ஓட்டுப் போட முடியாது. அடிமைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இத்தாலியின் மற்ற ஊர்க்காரர்கள் நேச நாட்டார் என்று அழைக்கப்பட்டார்கள். பெயர் நன்றாகத்தான் இருந்தது! ரோமப் படையில் பாதிப் பேருக்குக் குறையாமல் அவர்களே நின்றார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது ரோம் அல்ல, அவரவர் ஊர். போர் தொடுக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் இடத்தில் அவர்களுக்கு வாய் கிடையாது.

லத்தீன் ஊர்க்காரர்கள் இரண்டுங்கெட்டான் நிலையில் இருந்தார்கள். ரோமரோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்கலாம், வியாபாரம் செய்யலாம். ஓட்டெடுப்பு நாளில் ரோமில் இருந்தால், மொத்தமுள்ள 35 பிரிவுகளில் சீட்டுக் குலுக்கி எடுத்த ஏதாவது ஒன்றில் எல்லோரும் சேர்ந்து ஓட்டுப் போடலாம். அவ்வளவுதான்.

இந்த மக்கள் பட்ட அவமானங்களைக் கயஸ் மேடையில் எடுத்துச் சொன்னார். டியானம் என்ற ஊருக்கு வந்த ஒரு கான்சலின் மனைவி, ஆண்கள் குளிக்கும் இடத்தில் தான் குளிக்க வேண்டும் என்றாள். ஆட்களை வெளியேற்றச் சற்றுத் தாமதமாகிவிட்டது. இடமும் சுத்தமாக இல்லை என்று புகார் சொன்னாள். உடனே சந்தைத் திடலில் கம்பம் நடப்பட்டது. அந்த ஊரின் முதல் மனிதரான மாரியஸின் துணியை உருவிப் பிரம்பால் அடித்தார்கள்.

வெனுசியாவில் நடந்தது இன்னும் கொடுமை. பல்லக்கில் ஒரு ரோம இளைஞன் போனான். பதவி எதுவும் இல்லாதவன். உள்ளே இருப்பது பிணமா என்று ஒரு மாட்டுக்காரன் விளையாட்டாகக் கேட்டான். பல்லக்கின் வார்களாலேயே அவனை அடிக்கச் சொன்னான் அந்த இளைஞன். உயிர் போகும்வரை அடித்தார்கள்.

வெறும் பையுடன் திரும்பியவர்

வெளியூர்க்காரர்களை ரோமிலிருந்து துரத்தக் கி.மு. 126-ல் ஒரு சட்டம் வந்தபோதே கயஸ் எதிர்த்துப் பேசினார். பிறகு சார்டீனியா தீவில் நிதி அதிகாரியாகப் பணி செய்யப் போனார். மற்றவர்கள் மது ஜாடிகளை எடுத்துப் போய், அவை காலியானதும் வெள்ளியை நிரப்பிக்கொண்டு வருவார்கள். தாம் பணம் நிறைந்த பையோடு போய் வெறும் பையோடு வந்ததாகக் கயஸ் சொன்னார்.

இதற்கிடையே, குடியுரிமை தரும் யோசனை ஒன்று கி.மு. 125-ல் தோற்றது. ஹானிபால் காலத்தில் ரோமை விட்டு விலகாமல் நின்ற பிரெகெல்லே என்ற லத்தீன் ஊர் கலகம் செய்தது. ஒபிமியஸ் என்ற அதிகாரி அந்த ஊரையே தரைமட்டமாக்கினார்.

கி.மு. 123-லும் மறு ஆண்டும் கயஸ் டிரிபியூன் ஆனார். அது ஏழை எளியவர்களைக் காக்கும் பதவி. சட்டத்தின்மேல் சட்டமாகக் கொண்டு வந்தார். ரோமப் பிரஜைகளுக்கு மலிவு விலையில் தானியம். போர்வீரருக்கு அரசாங்கச் செலவில் உடை. 17 வயதுக்குக் குறைந்தவர்களைப் படையில் சேர்க்கத் தடை. ஜனங்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

சிக்கலும் இங்கேதான் பிறந்தது. ரோமப் பிரஜைக்குச் சலுகைகள் கூடக் கூட, அதில் பங்கு கேட்டு வருபவன் எதிரியாகத் தெரிந்தான். லத்தீன்களுக்கு முழுக் குடியுரிமை, மற்ற இத்தாலியருக்கு லத்தீன்களின் உரிமை என்று கயஸ் மசோதா கொண்டு வந்ததும், அவருடைய தயவிலேயே கான்சலான பேனியஸ் எதிர்ப்பக்கம் தாவினார். அவர்கள் உள்ளே வந்தால் கூட்டத்திலும் திருவிழாவிலும் நமக்கு நிற்க இடம் இருக்காது என்று ஏழைகளைப் பயமுறுத்தினார். பேச்சு எடுபட்டது! கயஸ் கொடுத்த தானியத்தைச் சாப்பிட்டவர்களே தலையாட்டினார்கள்.

செனட் சபை சொல்லி, வெளியேற்ற உத்தரவைப் போட்டதும் இதே பேனியஸ்தான். வெளியேற வேண்டாம், தங்குங்கள், நான் பார்த்துக் கொள்கிறேன் என்று கயஸ் பதில் அறிக்கை விட்டார். நம்பித் தங்கினார்கள். அவர்களில் ஒருவர் கயஸின் நெருங்கிய நண்பர். அவரைக் கான்சலின் சேவகர்கள் இழுத்துக்கொண்டு போனதைக் கயஸ் நேரில் பார்த்தார். பார்த்தும் பேசாமல் போய்விட்டார்.

சண்டைக்குச் சாக்குத் தேடும் எதிரிகளுக்கு இடம் கொடுக்கக்கூடாது என்பது அவர் சொன்ன காரணம். தமது செல்வாக்கு தேய்ந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பார்களும் உண்டு. எதுவானாலும், அவர் சொல்லை நம்பித் தங்கிய மனிதருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

மசோதா தோற்றது. மூன்றாம் முறை டிரிபியூன் தேர்தலில் கயஸும் தோற்றார்.

தலைக்குத் தங்கம்

கி.மு. 121-ல் கான்சலாக வந்தவர், பிரெகெல்லேயை அழித்த அதே ஒபிமியஸ். ஒரு தகராறில் அவருடைய ஆள் ஒருவன் கொல்லப்பட்டான். அதைச் சாக்காக வைத்து நாட்டைக் காக்க எதையும் செய்யலாம் என்று செனட் அனுமதி கொடுத்தது. விசாரணை இல்லாமல் பிரஜையைக் கொல்லக்கூடாது என்று கயஸ் போட்ட சட்டம் அவரையே காப்பாற்றவில்லை. வில்லாளிகள் அம்பு மழை பொழிந்தார்கள். கயஸ் பாலத்தைக் கடந்து ஓடினார். துரத்தியவர்கள் நெருங்கிவிட்டார்கள். தம்மைக் கொன்றுவிடும்படி தமது அடிமையிடம் கேட்டுக்கொண்டு உயிர் விட்டார்.

தலைக்கு எடை தங்கம் என்று ஒபிமியஸ் அறிவித்திருந்தார். கொண்டு வந்தவன் மூளையை எடுத்துவிட்டு ஈயம் ஊற்றி எடை காட்டினான் என்று சொல்வார்கள். மாண்டவர்கள் சுமார் 3,000 பேர். இவ்வளவும் செய்த ஒபிமியஸ், ஒற்றுமைத் தெய்வத்துக்குக் கோயில் கட்டினார்! கார்னீலியா கடலோர ஊரான மிசீனத்தில் வாழ்ந்தார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டவர்களிடம், கண்ணீர் விடாமல் அவர்கள் வரலாற்றைச் சொன்னார்.

கி.மு. 91-ல் டுரூசஸ் என்ற டிரிபியூன் மீண்டும் குடியுரிமைச் சட்டம் கொண்டு வந்து கொலையுண்டார். கயஸை எதிர்த்து நின்ற இன்னொரு டிரிபியூனின் மகன் இவர். அதோடு இத்தாலியின் பல பகுதிகள் ஆயுதம் தூக்கின. ரத்தம் ஆறாக ஓடிய பிறகு, கி.மு. 90-ல் ரோம் இறங்கி வந்தது. விசுவாசமாக இருந்த ஊர்களுக்கு முதலில், மற்றவர்களுக்குப் பிறகு குடியுரிமை கிடைத்தது.

அதிலும் ஒரு தந்திரம் இருந்தது. புதிய பிரஜைகளை ஒருசில பிரிவுகளில் மட்டும் அடைத்து, அவர்கள் ஓட்டுக்கு மதிப்பில்லாமல் செய்யப் பார்த்தார்கள். 35 பிரிவுகளிலும் இடம் பெற மேலும் சில ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஓட்டுப் பெட்டியோ ரோமில் மட்டும்தான் இருந்தது. தெற்குக் கோடியில் இருந்த விவசாயி, ஓட்டுப் போட வேண்டுமானால் வேலையை விட்டுவிட்டு, கைக்காசைச் செலவழித்துப் பல நாள் நடந்து ரோமுக்கு வர வேண்டும்.