யார் இந்த மோகன் குமாரமங்கலம்? நாட்டின் நிலக்கரியை அரசு கைக்குக் கொண்டுவந்த கொங்கு நாட்டுக்காரர்!

கோவையில் மில் ஓடணும்னாலும் சரி, திருப்பூரில் தையல் மெஷின் ஓடணும்னாலும் சரி, கரண்ட் வேணும். நாட்டின் மின் உற்பத்தியில் சுமார் 70 சதவீதம் நிலக்கரியில் இருந்துதான் வருகிறது. தமிழ்நாட்டில் வெட்டி எடுக்கப்படுவது நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிதான். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கே ஒடிசாவின் தால்ச்சரில் இருந்து கப்பலிலும் ரயிலிலும் நிலக்கரி வருகிறது. அப்படித் தோண்டுகிற சுரங்கங்கள் அரசு கைக்கு வந்ததில் ஒரு கொங்கு நாட்டுக்காரருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஜமீன் வீட்டு கம்யூனிஸ்ட்

திருச்செங்கோடு பக்கத்தில் உள்ள குமாரமங்கலம்தான் மோகனின் பூர்வீகம். அப்பா ஜமீன்தார் ப.சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர். 1916-ல் லண்டனில் பிறந்த மோகன், ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். பாரிஸ்டராக ஊர் திரும்பியவர் சேர்ந்ததோ கம்யூனிஸ்ட் கட்சியில். சிறைக்கும் போனார். அண்ணன் ராணுவத் தலைமைத் தளபதி ஆனார். தங்கை பார்வதி கிருஷ்ணன் கோவையின் கம்யூனிஸ்ட் எம்.பி. மோகன் பின்னாளில் காங்கிரஸுக்கு வந்து, 1971-ல் புதுச்சேரியில் ஜெயித்து, இந்திரா காந்தி அரசில் உருக்கு, சுரங்கத் துறை அமைச்சர் ஆனார்.

சுரங்கங்களை ஏன் எடுத்தார்?

அப்போது நாட்டின் நிலக்கரி உற்பத்தி ஆண்டுக்கு சுமார் 7 கோடி டன். சுரங்கங்களில் பெரும்பாலானவை தனியார் வசம். சுலபமாகக் கிடைக்கும் நல்ல கரியை மட்டும் வெட்டிக்கொண்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிடும் முதலாளிகள் அதிகம். ஜாரியாவில் பூமிக்கடியில் தீ எரிந்துகொண்டே இருந்தது. தொழிலாளிக்குச் சரியான கூலியும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. உருக்காலைக்குத் தேவையான கோக்கிங் கரி இந்த நாட்டில் குறைவு. அதை வீணாக்கினால் மறுபடி கிடைக்காது என்பதுதான் மோகனின் கவலை.

1971 அக்டோபரில் கோக்கிங் கரி சுரங்கங்களின் நிர்வாகத்தை அரசு எடுத்தது. 1972 மே 1-ல் 214 சுரங்கங்கள் நாட்டுடைமை ஆயின. 1973 ஜனவரியில் மற்ற சுரங்கங்களின் நிர்வாகமும் அரசிடம் வந்தது. மே 1-ல் அவையும் நாட்டுடைமை. டாடா போன்ற உருக்காலைகளின் சொந்தச் சுரங்கங்களுக்கு மட்டும் விலக்கு.

ஒரே மாதத்தில் சோகம்

1973 மே 31. சென்னையில் இருந்து டெல்லிக்குப் போன இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் பாலம் அருகே விழுந்து 48 பேர் இறந்தனர். அதில் மோகனும் ஒருவர். வயது 56. அதே அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை வெட்ட, உலகம் முழுக்க விலை எகிறியது. இந்தியாவுக்குச் சொந்த நிலக்கரி எவ்வளவு முக்கியம் என்று அப்போது எல்லோருக்கும் புரிந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்று?

1975-ல் கோல் இந்தியா நிறுவனம் உருவானது. அதே ஆண்டு முதல் தொழிலாளர்களுக்கு நாடு தழுவிய ஊதிய ஒப்பந்தமும் வந்தது. ஆனால் விபத்துகள் நிற்கவில்லை, ஜாரியா தீயும் முழுசா அணையவில்லை. அரசு நிர்வாகத்தின் மந்தம் பற்றியும் புகார்கள் வந்தன. 1973 சட்டம் 2018-ல் ரத்தானது. 2020-ல் வணிகச் சுரங்க ஏலம் தனியாருக்குத் திறக்கப்பட்டது.

2024-25-ல் உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. அதில் சுமார் முக்கால் பங்கு இன்றும் கோல் இந்தியாவுடையது. மோகன் போட்ட அஸ்திவாரம் அது.