கொற்றலையாற்றங்கரையில் புரூஸ் ஃபூட்

எண்ணூர்க் கழிமுகத்தில் கடலொடு கலக்கும் கொசத்தலையாற்றுக்குக் கொற்றலையாறு என்றும் பெயருண்டு. அந்த ஆற்றுவெளியின் தொன்மையை உலகறியச் செய்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1834இல் இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் பிறந்த அவர், 1858இல் இந்திய நிலவியல் அளவைத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். அவர் மணந்தது பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை. தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டியவரும், யாழ்ப்பாணத்தில் விவிலிய மொழிபெயர்ப்புக்கு ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டவருமான அதே பெர்சிவல்தான். மாமனார் சொற்களைச் சேர்த்தார். மருமகன் கற்களைச் சேர்த்தார்.

1863 மே 30 அன்று பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் மனிதன் செதுக்கிய கல்லை ஃபூட் கண்டெடுத்தார். அடுத்த செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் பூண்டிப் பக்கம் அத்திரம்பாக்கத்தை அடைந்தபோது அத்தகைய கற்கருவிகள் மிகுதியாகவே கிடைத்தன.

கருவிகளைத் தாங்கியிருந்த செம்புறைப் படிவு எவ்வாறு அங்கு வந்தது? ஆழமற்ற கடல் இட்டுச் சென்ற படிவு அது, பின்னர் நிலம் மேலெழுந்தது என்று அவர் தொடக்கத்தில் கருதினார். வெறும் கற்பனையன்று இது. திருப்பெரும்புதூர்ப் பக்கத்துப் பழம்பாறைகளில் கடலுயிர்களின் பதிவுகளும் நிலத்துச் செடிகளின் பதிவுகளும் இன்றும் காணக்கிடைக்கின்றன. அண்டார்க்டிகாவிலிருந்து இந்தியா பிரிந்த காலத்தில் இக்கரையோரம் பிளவுற்று, சில பாளங்கள் தாழ்ந்தன, சில உயர்ந்து நின்றன. தாழ்ந்த பள்ளங்களில் கடல் புகுந்து வண்டலை நிரப்பியது; பிற்காலத்தில் நிலம் எழ, அவ்வண்டலே பாறையாய் வெளிப்பட்டது. நிலப்பலகைகள் நகர்கின்றன என்னும் கொள்கை அறிஞரிடையே நிலைபெற்றதோ 1960களில்தான். ஃபூட் காலத்தில் அவருக்குத் துணைநின்றவை சுத்தியலும் நடையும் மட்டுமே.

ஆயினும் செம்புறையைப் பொறுத்தவரை அவர் கணிப்பு நிலைக்கவில்லை. சாந்தி பப்பு குழுவினரின் அகழாய்வு, அத்திரம்பாக்கத்தின் அடிக்களிமண் ஆற்று வெள்ளம் பரப்பிய படிவு என்று காட்டியது. அதனுள் கிடந்த கருவிகளுக்கு 2011இல் அவர்கள் வெளியிட்ட வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். ஃபூட் கனவிலும் எண்ணியிராத தொலைவு அது. கல்லில் மனிதக் கையை அடையாளம் கண்டதில் அவர் பிழைக்கவில்லை.

1891இல் ஓய்வுபெற்று ஏற்காட்டில் தங்கினார். 1904இல் அவருடைய சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. தாமே எழுதிய அதன் விவரப்பட்டியல் நூல் 1914இல் அச்சேறியது. அதைக் காண அவர் இல்லை. 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் மறைந்திருந்தார்.