பாடினால் கைது, மேடையிலேயே மரணம்: யார் இந்த விஸ்வநாத தாஸ்?

விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு பஸ் ஏறினால் வழியில் வரும் ஊர் ஆமத்தூர். சுற்றிலும், உள்ளூர்க்காரர்கள் 'பயராபீஸ்' என்று சொல்லும் பட்டாசு ஆலைகள். இந்த வட்டாரத்தில் கோயில் பொங்கல் வந்தால் ராத்திரி முழுக்க 'வள்ளி திருமணம்' நாடகம் போடுவது இன்றும் உண்டு. டிக்கெட் கிடையாது, சீட் நம்பர் கிடையாது. பாயை விரித்து உட்கார வேண்டியதுதான். வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணம் முடிவதற்குள் கிழக்கே வெளுத்துவிடும்.

பக்தியும் காதலும் கிண்டலும் கலந்த இந்த நாடகத்தில் பாடியதற்காக ஒரு மனிதரைத் திரும்பத் திரும்ப ஜெயிலில் போட்டது பிரிட்டிஷ் அரசு. அவர் வெளியூர்க்காரர் இல்லை, சிவகாசியில் பிறந்தவர். பெயர் விஸ்வநாத தாஸ்.

பிறந்தது 1886 ஜூன் 16. தீப்பெட்டித் தொழில் சிவகாசிக்கு வந்தது 1920-களில்தான். ஆக, தாஸ் பிறந்த சிவகாசி இன்றைக்கு நாம் பார்க்கும் தொழில் நகரம் அல்ல. மழையை நம்பிய ஒரு கரிசல் ஊர். சாதிச் சண்டை ஊரையே எரித்த 1899 கலவரத்தின்போது அவருக்கு வயது 12. அவர் பிறந்தது முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தில். இதை ஏன் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது பின்னால் புரியும். பிற்பாடு அவர் குடியிருந்தது மதுரைக்குப் பக்கத்தில் உள்ள திருமங்கலத்தில்.

அந்தக் கால 'லைவ் கான்சர்ட்'

தாஸைப் புரிந்துகொள்ள 'ஸ்பெஷல் நாடகம்' என்றால் என்னவென்று தெரிய வேண்டும். கம்பெனி நாடகத்தில் ஒரே குழு மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து ஊர் ஊராகப் போகும். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகையே கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து, பபூன் இன்னொரு ஊரிலிருந்து. ஆர்மோனியக்காரரையும் மிருதங்கக்காரரையும் கன்ட்ராக்டர் தனியாகப் பேசி வைத்திருப்பார். பல நேரம் நடிகர்கள் முதன்முதலாகச் சந்திப்பதே மேக்கப் போடும் இடத்தில்தான்.

பிறகு எப்படி நாடகம் நடக்கும்? கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி போன்ற நாடகங்கள்தான் பொதுச் சொத்து. அந்த எலும்புக்கூட்டுக்கு ஒவ்வொரு ராத்திரியும் புதுசாகச் சதை வைப்பது நடிகர்களின் வேலை. வள்ளி ஒரு கேள்வி போடுவார், முருகன் பாட்டிலேயே பதில் சொல்ல வேண்டும். தடுமாறினால் கூட்டம் விடாது. அசத்திவிட்டால் 'ஒன்ஸ்மோர்' சத்தம் காதைப் பிளக்கும். மைக் பரவாத காலம் அது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கிற மாதிரி தொண்டையைத் திறந்து பாடியாக வேண்டும். இந்த உலகத்தில்தான் தாஸ் உச்ச நட்சத்திரம் ஆனார்.

சரி, அரசுக்கு என்ன பிரச்சினை?

1876-இல் வந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டம் ஒரு நாடகத்தைத் தடை செய்யவும், அதன் பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்க்கவும் அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. ஆனால் இங்கே ஒரு சிக்கல். வள்ளி திருமணத்தின் பிரதியைக் கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கும்? முருகன், வள்ளி, நாரதர், தினைப்புனம். தடை செய்ய எதுவுமே இல்லை. வில்லங்கம் காகிதத்தில் இல்லை. அன்றைக்கு ராத்திரி நடிகர் நடுவில் என்ன சேர்த்துப் பாடுகிறார் என்பதில் இருந்தது.

தாஸ் சேர்த்துப் பாடியதில் மிகப் பிரபலமானது வெள்ளைக் கொக்கு பாட்டு. வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற கட்டம் நாடகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த இடத்தில், தூரத்திலிருந்து வந்து நம்மூர் மீனையெல்லாம் கொத்தித் தின்கிற ஒரு வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாட்டு வந்தால்? மேலோட்டமாகக் கேட்டால் பறவைப் பாட்டு. ஆனால் கொக்கு யாரென்று கொட்டகையில் தெரியாதவர் யாருமில்லை, டூட்டிக்கு வந்த போலீஸ்காரர் உட்பட.

அந்தப் பாட்டை எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். தமிழின் முதல் பேசும் படம் என்று சொல்லப்படும் 'காளிதாஸ்' (1931) படத்துக்குப் பாட்டு எழுதியதும் இவர்தான். 1919-இல் ஜாலியன்வாலாபாக்கில் நடந்த படுகொலையைப் பற்றியும் பாட்டு எழுதினார். அமிர்தசரஸ் செய்தி தென்மாவட்டக் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்ததில் இந்தப் பாட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த காலத்தில் பத்திரிகை எத்தனை பேரைப் போய்ச் சேர்ந்திருக்கும்? பாட்டு அப்படி இல்லை. ராத்திரி கேட்டவர் மறுநாள் ஏர் ஓட்டும்போது முணுமுணுப்பார்.

காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திக்கு இது நன்றாகப் புரிந்திருந்தது. அவரே சுகுண விலாச சபையில் நடித்தவர். கே.பி. சுந்தராம்பாள் போன்ற நட்சத்திரங்கள் தேர்தல் மேடையில் பாடியதும் இந்த வழியில்தான். ஆனால் தேர்தல் மேடையில் பாடுவதும், 124ஏ தேசத்துரோகப் பிரிவு தலைக்கு மேல் தொங்கும்போது மேடை நடுவில் பாடுவதும் ஒன்றில்லை. தாஸ் இரண்டாவது வகை. கதர் கட்டிக்கொண்டு மேடை ஏறுவார். பாட்டைத் தவிர்க்கச் சொல்லி எச்சரிக்கை வரும். கூட்டம் அந்தப் பாட்டைத்தான் கேட்கும். அவர் பாடுவார். அப்புறம் கைது.

மொத்தம் 29 முறை கைதானார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 1911-இல் தூத்துக்குடியில் காந்தி முன்னால் பாடியதுதான் திருப்புமுனை என்றும் சில குறிப்புகளில் இருக்கும். அந்த ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தியா திரும்பியதே 1915 ஜனவரியில்தான்.

ராக் இசை ரசிகர்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். 1969-இல் வுட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தையே கிட்டாரில் வாசித்து, இடையில் குண்டுச் சத்தத்தைக் கலந்து வியட்நாம் போரைக் காதுக்குள் கொண்டுவந்தார். எல்லோருக்கும் தெரிந்த மெட்டுக்குள் புது அர்த்தத்தை நுழைக்கிற வேலைதான். ஹென்ட்ரிக்ஸுக்கு அதற்காக ஜெயில் இல்லை. தாஸுக்கு இருந்தது.

குரல் வேண்டும், ஆள் வேண்டாம்

தாஸுக்கு இன்னொரு எதிர்ப்பும் இருந்தது. அது வெள்ளைக்காரரிடமிருந்து வந்ததல்ல.

முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவருக்கு ஜோடியாக நடிக்க ஸ்திரீபார்ட் நடிகைகள் பலர் மறுத்தார்கள். ஆயிரக்கணக்கான பேர் விடிய விடிய அவர் குரலுக்காக உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அதே மேடையில் அவர் பக்கத்தில் நின்று வள்ளியாக நடிக்க ஆள் கிடைக்காது. மேடையில் அவர் முருகக் கடவுள். வேடம் கலைத்தால் சாதி. தேச விடுதலை பேசிய மேடைக்குள்ளேயே இதுவும் இருந்தது என்பதைத் தியாகி வரலாறுகள் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன.

அந்த வேலியைத் தாண்டி அவரோடு நடித்தவர்களில் ஒருவர் கே.பி. ஜானகியம்மாள். 1917-இல் பிறந்த இவர், கணவர் ஆர்மோனியக் கலைஞர் குருசாமி நாயுடுவோடு நாடக உலகில் இருந்தவர். பின்னாளில் மதுரையின் முக்கியமான கம்யூனிஸ்ட் தலைவராகி, 1967-இல் சட்டமன்றத்துக்கும் போனார். இன்னார் கூட நடிப்பேன், இன்னார் கூட நடிக்க மாட்டேன் என்பது வெறும் தொழில் முடிவாக இல்லாத காலத்தில் ஜானகியம்மாள் எடுத்தது அரசியல் முடிவு.

பணம்? ஸ்பெஷல் நாடக நடிகருக்கு மாதச் சம்பளம் கிடையாது. மேடை ஏறினால்தான் வருமானம். ஜெயிலில் இருக்கிற ஒவ்வொரு மாதமும் வருமானம் பூஜ்யம். வெளியே வந்தாலும், தடை உத்தரவு வருமோ என்று கன்ட்ராக்டர்கள் யோசிப்பார்கள். நாடகம் நின்றால் நஷ்டம் அவர்களுக்குத்தானே. நட்சத்திரமாக இருந்த தாஸ் கடனாளி ஆனார்.

கடைசி இரவு

1937-இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆட்சி வந்தது. 1939-இல் இரண்டாம் உலகப் போரை ஒட்டி அந்த ஆட்சி பதவி விலகியது. 1940 அக்டோபரில் காந்தி தனிநபர் சத்தியாகிரகத்தைத் தொடங்கினார். பொதுவெளியில் பேசுவது, பாடுவது எல்லாவற்றின் மீதும் அரசின் கண் இன்னும் கூர்மையானது. தாஸுக்கு அப்போது 54 வயது. உடம்பு தளர்ந்திருந்தது. ஆனாலும் மேடையை விடவில்லை. விட்டால் சாப்பாட்டுக்கு வேறு வழியும் இல்லை.

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். முருகன் வேடத்தில் மயில் மீது அமர்ந்து பாடத் தொடங்கினார் தாஸ். பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. தலை சாய்ந்ததை முதலில் நடிப்பு என்றே கூட்டம் நினைத்ததாகச் சொல்வார்கள். முருகன் வேடத்தைக் கலைக்காமலேயே இறுதி ஊர்வலம் போனது என்பதும் நாடகக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி.

அவரைப் பற்றி எங்கே படிக்கலாம்?

பாப் டிலனின் 'க்ரானிக்கிள்ஸ்', பாட்டி ஸ்மித்தின் 'ஜஸ்ட் கிட்ஸ்' மாதிரி தாஸ் தன் கதையைத் தானே எழுதி வைக்கவில்லை. ஆனால் அவர் வாழ்ந்த உலகம் தமிழில் நன்றாகவே பதிவாகியிருக்கிறது. பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்' படித்த, வசதியான சபாக்காரர்களின் பக்கத்தைக் காட்டும். அவ்வை டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' சின்ன வயதிலேயே பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்த ஒருவரின் கதை. கொக்குப் பாட்டை எழுதிய பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகளை அவருடைய பேரன், நாடக இயக்குநர் முருகபூபதி தொகுத்துப் புத்தகமாக்கியிருக்கிறார். மூன்றில் ஒன்றைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் நாட்குறிப்பை எடுக்கலாம். பிற்காலத்தில் யோசித்து மெருகேற்றியது அல்ல, அன்றன்றைக்கு எழுதியது. ஆய்வு நோக்கில் வேண்டுமென்றால் தியடோர் பாஸ்கரனின் 'தி மெசேஜ் பேரர்ஸ்' (1981) இருக்கிறது.

அந்தச் சட்டம் என்ன ஆனது? சுதந்திரத்துக்குப் பிறகும் 1876 சட்டம் புத்தகத்தில் இருந்தது. தமிழ்நாடு 1954-இல் தனக்கென்று ஒரு நாடகச் சட்டமே போட்டது. பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடர்ந்த வழக்கில், 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. பழைய 1876 சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கியது, 2017-இல் கொண்டுவந்த திருத்தச் சட்டத்தின் மூலம். திருமங்கலத்தில் தாஸுக்குத் தமிழக அரசின் நினைவு இல்லம் இருக்கிறது. விருதுநகர் பக்கத்திலிருந்து மதுரைக்குப் போகிற பஸ்ஸில் வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம்.